திருச்சி டு மெல்பர்ன்: அம்மா தனியாகப் போகிறார், வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் திருவையாறு. ஆடிப்பெருக்கு முடிந்ததும் அம்மா மெல்பர்னில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ., நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கே மாறி இன்னும் 6,000 கி.மீ., ஏழரை மணி நேரம். ஆகஸ்டில் மெல்பர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருப்பதால், டிக்கெட்டைப் பார்த்து நேரத்தைக் கழித்தால் பயணம் இன்னும் நீளமாகத் தெரிகிறது.

மாமா சென்னைக்குப் போய் ஏறச் சொல்கிறார். பக்கத்தில் திருச்சி இருக்க, ராத்திரி முழுக்க ரயிலில் அலைவானேன்?

என் கவலை வேறு. அம்மாவுக்குக் காலையும் இரவும் இன்சுலின். டாக்டரிடம் கேட்கத்தான் போகிறோம். ஆனாலும் இப்படிப் போனவர்கள் எந்த ஊர் நேரத்தை வைத்துப் போட்டுக்கொண்டீர்கள்? சிங்கப்பூரில் மாற எத்தனை மணி நேர இடைவெளி வசதி? சக்கர நாற்காலி கேட்டால் அடுத்த விமானத்தின் வாசல்வரை கொண்டு விடுவார்களா?

அப்புறம், நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்கிறார். ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டுச் சாமானை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது தெரியும். வீட்டில் போட்டதை விட்டார்களா, குப்பையில் போட்டார்களா?