கோமாரியில் வெடித்த டயர்: இரட்டை அச்சுக் கேரவனுக்கு எதைப் போடுவது?

கல்குடாக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இரண்டு அச்சுள்ள பெரிய கேரவன் ஒன்று இருக்கிறது. கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே. சீசனில் உல்லையில் (அறுகம்குடாவில்) நிறுத்தி வாடகைக்கு விடுவோம். மாரி தொடங்க முன் கெப்பில் (பிக்அப் வண்டியில்) கொளுவி வாழைச்சேனைக்கு இழுத்து வருவோம். இந்த முறை திரும்பி வரும்போது கோமாரி தாண்டியதும் இடது பக்கப் பின் டயர் வெடித்துவிட்டது. கிழிந்த துண்டு அடித்ததில் மட்கார்ட் தகடு சுருண்டு, கழிவுநீர்க் குழாயும் உடைந்து போனது. பொழுதுபடும் நேரம், யானை வரும் இடம், ஜக் வைக்க மண் இளகல். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்பெயார் போட்டு அக்கரைப்பற்று வரை மெல்ல உருட்டி வந்து மச்சான் வீட்டு வளவில் நிறுத்தியிருக்கிறேன். எனக்கு விளங்காதது ஒன்றுதான். டயர் தேயவே இல்லை, தவாளிப்பு புதிது மாதிரிக் கிடக்கிறது. காற்றழுத்தமும் 35 பிஎஸ்ஐ இருந்தது. கேரவனை வாங்கும்போதே இருந்த டயர்கள் இவை. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, நாலையும் மாற்ற வேண்டுமா? என்ன டயர் போடலாம்?

நெல்லுப்பெட்டி, சம்மாந்துறை:
தம்பி, சும்மா காசைக் கரைக்காதீங்க. எங்கட டிரக்டர் பெட்டிக்குப் பழைய லொறி டயர்தான். வருசக்கணக்காக ஓடுது, நெல்லு மூட்டை மலை போல ஏத்துறம். ஒரு ரீபில்ட் டயர் வாங்கிப் போட்டுட்டுப் போங்க.

கராஜ் காக்கா, ஏறாவூர்:
நெல்லுப்பெட்டி, உங்கட பெட்டி எத்தனையில் ஓடுது? இருபது, இருபத்தஞ்சு. அந்த வேகத்தில் டயர் சூடாகாது. இவர் எழுபது எண்பதில் இழுக்கிறார். டயரைக் கொல்வது சூடு. பாரம் கூட, காற்றுக் குறைவு, வேகம் என்று மூன்றும் சேர்ந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி உள்ளே வெந்துபோகும். மேலே தவாளிப்பு இருந்து என்ன பயன்?

கல்குடாக்காரன், டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே தாங்க. அளவும், அதற்குப் பக்கத்தில் உள்ள இலக்கமும் எழுத்தும். டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கமும் வேணும். அது ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும், உள்பக்கமாகவும் இருக்கலாம். டோர்ச் அடித்துக் குனிந்து பாருங்க.

கல்குடாக்காரன்:
காக்கா, 195/65 ஆர் 15, 91 எச். கடைசி நாலு இலக்கம் 1417. நாலும் ஒன்றுதான், ஸ்பெயாரும் அதே. தவாளிப்பின் அடியில் நகத்தால் விரித்துப் பார்த்தேன், தலைமயிர் போல வெடிப்புகள் ஓடுகின்றன. வெயில் படும் பக்கத்தில் இன்னும் அதிகம்.

கராஜ் காக்கா, ஏறாவூர்:
அப்ப விசயம் விளங்கிட்டு. இது கார் டயர். 91 என்றால் ஒரு டயர் தாங்கக்கூடிய உச்சப் பாரம் 615 கிலோ. 1417 என்பது 2017ஆம் ஆண்டின் 14ஆம் கிழமை செய்தது. டிரெயிலர் டயருக்கு ஐந்து, ஆறு வருசம்தான் கணக்கு, தேய்ந்தாலும் தேயாவிட்டாலும்.

ஏன் தேயாமலே கெடுது என்றும் சொல்றேன். வெயிலையும் காற்றில் உள்ள ஓசோனையும் தாங்க ரப்பருக்குள் ஒரு மெழுகு கலந்திருப்பாங்க. டயர் உருண்டு வளையும்போது அது மேலுக்கு நல்லா வந்து படியும். உங்கட கேரவன் வருசத்தில் முக்கால்வாசி நாள் ஒரே இடத்தில் நிற்குது. மெழுகு குறைவாகத்தான் வரும், வெடிப்பு வரும்.

இனி நிறையைப் பாருங்க. ஊகம் வேணாம். பக்கத்தில் எந்த நெல் ஆலையிலும் லொறி நிறுக்கிற தராசு இருக்கும். பயணத்துக்குப் போகிற மாதிரியே சாமானும் தண்ணியும் ஏற்றி, முதலில் முழுசாக, பிறகு இடது பக்கச் சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி நிறுங்க. பலரும் மொத்தத்தை மட்டும் பார்த்து நாலால் பிரிச்சிட்டு வந்துடுவாங்க.

ரொறன்ரோ மட்டக்களப்பான்:
காக்கா சொல்வது சரி. இங்கே கனடாவில் கேரவனுக்கு எஸ்டி என்ற தனி வகை டயர் உண்டு. பக்கச்சுவர் தடிப்பாக இருக்கும். பெரிய கேரவனில் அதிகம் காண்பது எஸ்டி 225/75 ஆர் 15. அதில் டி என்ற பாரத் தரம் 65 பிஎஸ்ஐயில் 2540 இறாத்தல் தாங்கும், ஈ தரம் 80 பிஎஸ்ஐயில் 2830 இறாத்தல். பழைய எஸ்டி டயர்களுக்கு வேகம் மணிக்கு 105 கிலோமீற்றர்தான் எல்லை. கார் டயரைக் கேரவனுக்குப் போட்டால் அதில் எழுதிய பாரத்தை 1.1ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. 615 அப்போது 559 ஆகிவிடும்.

ஊரில் எஸ்டி தேடி அலைய வேண்டாம். சி என்று முடியும் வேன் டயர் போதும், ஐரோப்பாவில் பல கேரவன்கள் அதில்தான் ஓடுகின்றன.

கல்குடாக்காரன்:
தராசில் நிறுத்துப் பார்த்தாயிற்று. மொத்தம் 2640 கிலோ. இடது பக்கம் மட்டும் 1480! குசினியும் தண்ணீர்த் தாங்கியும் பட்டரிகளும் அந்தப் பக்கம்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கராஜ் காக்கா, ஏறாவூர்:
பார்த்தீங்களா. இடது டயர் ஒவ்வொன்றிலும் சராசரி 740. தாங்கக்கூடியது 615. இத்தனை நாள் வெடிக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். இன்னொன்று, கெப்பின் கொளுக்கி உயரமா? கேரவனின் மூக்கு மேலே தூக்கி நின்றால் பாரம் பின் அச்சுக்குப் போகும். உங்களுக்குப் பின் டயர் வெடித்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தட்டையான இடத்தில் கொளுவி, தள்ளி நின்று பாருங்க. சாய்வு தெரிந்தால் கொளுக்கியை இறக்க வேணும்.

டயர் விசயத்தில் ஒரு கவனம். கடைக்காரர் உடனே 195 ஆர் 15 சி எடுத்துக் காட்டுவார், ஹைஏஸ் வேனுக்குப் போடுறது. நல்ல டயர்தான். ஆனா உங்களுடையதைவிட விட்டம் ஆறு சென்ரிமீற்றர் அளவு பெரிது. இரட்டை அச்சில் முன் பின் சில்லுக்கு இடையிலும் மட்கார்டுக்கும் இடைவெளி காணாது. 195/70 ஆர் 15 சி கேளுங்க, 104/102 என்று இருக்கும். ஒன்று 900 கிலோ தாங்கும், விட்டம் இரண்டு சென்ரிமீற்றர்தான் கூடும். நாலையும் ஒன்றாக மாற்றுங்க, ஸ்பெயாரையும் சேர்த்து. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் பெரியது பாரம் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். ரிம்மின் உள்பக்கம் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கா என்றும் பாருங்க. கார் ரிம் என்றால் அதுவும் மாற வேணும்.

ரொறன்ரோ மட்டக்களப்பான்:
வால்வை மறந்துவிடாதீர்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது. இந்த வேன் டயருக்குக் காலையில் 65 அடித்தால் ஓட்டத்தில் சூடாகி 70ஐத் தாண்டும். உலோக வால்வு போடச் சொல்லுங்கள்.

உல்லை ராத்தா:
எங்கட பக்கத்துக் கபானாக்காரர் வெயில் நேரத்தில் காற்றைக் குறைக்கச் சொல்றாரே, அது சரியா?

கராஜ் காக்கா, ஏறாவூர்:
பிழை ராத்தா. ஓட முன், காலைக் குளிரில், டயரில் எழுதிய உச்ச அளவுக்கு அடிக்கணும். இந்த டயருக்கு 65. ஓடும்போது ஏறுவதை இறக்கக் கூடாது. இறக்கினால் டயர் இன்னும் அதிகம் மடங்கும், இன்னும் சூடாகும். மணலுக்குள் இறங்கக் குறைத்தால், தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிச்சிடணும். உல்லையின் சின்னச் சின்ன ஒழுங்கைகளில் கேரவனை ஒடித்துத் திருப்பவும் வேணாம். இரட்டை அச்சில் சில்லு உருளாமல் பக்கவாட்டில் அரையும்.

மாரியில் நிறுத்தும்போது சசியின் (வண்டியின் அடிச் சட்டத்தின்) கீழ் முட்டுக் கொடுத்துச் சில்லைத் தூக்கி விடுங்க. முடியாவிட்டால் பலகை மேல் நிறுத்தி, மாதம் ஒரு தரம் கொஞ்சம் உருட்டுங்க. வெயில் படாமல் நாலு கிடுகு சாத்தினால் போதும். மண்ணெண்ணெய், மினுக்கும் ஒயில் எதையும் பூச வேணாம், ரப்பரைத் தின்னும். கடற்கரையில் நிற்கிற வண்டி, வருசம் ஒரு தரம் பெயாரிங் கழற்றிக் கிறீஸ் மாற்றணும்.

கல்குடாக்காரன்:
கல்முனையில் 195/70 ஆர் 15 சி ஐந்து கிடைத்தது. முதலில் காட்டியது மூன்று வருசம் பழையது, நாலு இலக்கத்தைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறி உள்ளே போய் வேறு கொண்டு வந்தார். ரிம் 900 கிலோ பொறித்தது, பழைய இறக்குமதி வேன் ஒன்றினுடையது. உலோக வால்வும் போட்டாயிற்று. தண்ணீர்த் தாங்கியை வெறுமையாக்கி, பட்டரிகளை வலது பக்கம் மாற்றிவிட்டேன். நாளை காலை வாழைச்சேனைக்கு இழுக்கிறேன். வேறு ஏதாவது?

கராஜ் காக்கா, ஏறாவூர்:
நட். புது ரிம் முதல் ஓட்டத்தில் அமரும், நட் இளகும். டோர்க் ஸ்பனரால் குறுக்கு மறுக்காக முறுக்குங்க, காலால் மிதிக்க வேணாம். காரைதீவில் ஒரு தரம், களுவாஞ்சிக்குடியில் ஒரு தரம், கல்லடிப் பாலம் ஏற முன் ஒரு தரம் நிறுத்திப் பாருங்க. இறங்கும்போதே நாலு சில்லு நடுவிலும் புறங்கையை வைத்துப் பாருங்க. ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அந்தப் பெயாரிங்கோ பிரேக்கோ இறுகுது. ஏறாவூர் வரும்போது கராஜ் திறந்துதான் இருக்கும்.