தறிக்காதுக்குக் கேட்ட எம்பரர்: அவரவர் அனுபவம்

சோமனூர்க்காரர்:
சிம்பொனிக் பிளாக் மெட்டல், அதான் கத்தற குரல், வேகமான ட்ரம், கிட்டாரோட ஆர்கெஸ்ட்ரா மாதிரி ஓசையும் சேர்ந்த ராக் இசை, எப்படிப் பிடிச்சுப்போச்சுன்னு கேட்டீங்க. எனக்கு எம்பரர்ங்கற நார்வே குழுவோட ‘இன் த நைட்சைட் எக்லிப்ஸ்’ ஆல்பம் தானுங்க. 1993 ஜூலையில பெர்கன் நகரத்து கிரீக்ஹாலன் இசை அரங்கத்துல பதிவு பண்ணி, 1994-ல வெளியாச்சு. பாட்டு, கிட்டார், கீபோர்டு மூணையும் பாத்துக்கிட்ட இசானுக்கு அப்ப வயசு 17. அந்த வயசுல இப்படி ஒண்ணு மனசுல தோணுனதே எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மொதல்ல வெறும் இரைச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க வீட்டுல விசைத்தறி. ஷெட்டுக்கு வெளிய உக்காந்திருந்தாலும் எங்கப்பா, “நாலாவது தறியப் பாரு கண்ணு, நூல் அறுந்திருச்சு”ம்பாரு. அத்தனை சத்தத்துலயும் ஒண்ணு மாறுனா அந்தக் காதுக்குத் தெரியும். இந்த ஆல்பத்தையும் அப்படித்தான் கேக்கோணும். ஒரு ராத்திரி எங்கம்மா, “ஏஞ் சாமி, நாள் பூரா தறிச் சத்தம் பத்தலையா?”ன்னு கேட்டுட்டு இயர்போனை வாங்கிக் காதுல வெச்சாங்க. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், “உள்ளார யாரோ கூட்டமாப் பாடறாங்கடா”ன்னாங்க. எனக்குப் பல நாள் கேட்டும் பிடிபடாதது அவிங்களுக்கு ஒரே பாட்டுல பிடிபட்டுச்சு. “அந்தக் கத்தறவன் மட்டும் வேண்டாஞ் சாமி”ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

கோபிக்காரர்:
உங்கம்மாவுக்குக் கேட்டது கீபோர்டுங்க. நோம்பிக் கச்சேரிகள்ல கீபோர்டு வாசிக்கறவன் நான், அதனால சொல்றேன். இதுல நிஜ ஆர்கெஸ்ட்ராவோ பாடகர் கூட்டமோ கிடையாது, எல்லாமே கீபோர்டுல வெச்ச குரலும் வயலினும்தான். ட்ரம் தலைதெறிக்க ஓடுது, கிட்டார் ஒரே சுரத்தை விடாம அதிர வெக்குது. கீபோர்டு மட்டும் அவசரமே படாம ஒரு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்க) பிடிச்சுட்டு நிக்குது. கை எடுத்து அடுத்த கார்டுக்குப் போறப்ப, அதுவரைக்கும் ஓடிட்டிருந்த அதே கிட்டாருக்கு வேற முகம் வந்துருது. ‘ஐ ஆம் த பிளாக் விசர்ட்ஸ்’ பாட்டுல அந்த இடத்தை நானே வாசிச்சுப் பாத்தேன். விரலுக்குக் கஷ்டமே இல்ல. எங்க மாத்தறதுங்கறதுதான் வித்தை. பின்னால வந்த பல குழுக்கள் கீபோர்டை மேல தடவுன பூச்சாத்தான் வெச்சாங்க, இங்க அதை எடுத்துட்டா பாட்டே நிக்காது.

கடைசிப் பாட்டு சாத்தானுக்குத் துதி. மாரியம்மன் நோம்பியில வாசிக்கிற எனக்கு அந்த வரிகள் ஒட்டவே இல்லீங்க. ஆனா அந்த மெட்டு முடியறப்ப மறுபடி போடாம இருக்க முடியல.

பொள்ளாச்சிக்காரர்:
நான் வேற வாசல் வழியா வந்தவன். டிம்மு போர்கிர்ங்கற இன்னொரு நார்வே குழுவோட 2003 ஆல்பம், ‘டெத் கல்ட் அர்மகெடான்’. பிராக் நகரத்து ஆர்கெஸ்ட்ராவே வாசிச்சது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறறப்ப, பித்தளை வாத்தியம் எல்லாம் ஒண்ணா எழும்புச்சு பாருங்க, புல்லரிச்சுப் போச்சு. எல்லாம் துல்லியமா, தனித்தனியாக் கேக்கும். எம்பரர்ல அந்தத் துல்லியம் இல்ல. ஆனா இப்ப அடிக்கடி போடறது எம்பரரைத்தான். டிம்முவுல எல்லாத்தையும் அவங்களே எடுத்து முன்னால வெச்சுடறாங்க, இதுல நாம தேடிப் போகோணும்.

ஒண்ணைச் சொல்லாம விடக் கூடாதுங்க. எம்பரரோட இந்த ஆல்பத்துல ட்ரம் வாசிச்சவர் 1992-ல நார்வேயில இருக்கற லில்லஹாமர்ல ஒருத்தரைக் கொன்னவரு. 1994-ல தண்டனை ஆச்சு. கிட்டார்க்காரர் சர்ச்சுக்குத் தீ வெச்ச வழக்குல ஜெயிலுக்குப் போனாரு. தெரிஞ்சப்பறம் ரொம்ப நாள் நான் இதைத் தொடவே இல்ல. செத்தவரு ஒரு மனுசன், அதை இசைக்குப் பின்னால ஒளிச்சு வெக்க என்னால ஆகாது. புதுசா யாருக்காவது இந்த ஆல்பத்தைக் குடுத்தா, இதையும் சொல்லித்தான் குடுக்கறேன்.

சோமனூர்க்காரர்:
நீங்க சொன்னது சரிங்க. நானும் இனிமே சொல்லியே குடுக்கறேன். கோபிக்காரரே, 1997-ல வந்த அவங்க அடுத்த ஆல்பத்தையும் கேட்டுட்டு, கீபோர்டு எங்க மாறுதுன்னு எழுதுங்க.