ஒரு மாதத்துக்கென வாங்கியது 11 நாளில் தீர்ந்தது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மூத்த மகள்:

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது 2019 கடைசியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, சில சொற்கள் மட்டும் திரும்பி வந்தன. தண்ணீரைக்கூட அப்படியே கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார்கள். பொடி கலந்து கெட்டியாக்கி, கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். இரவும் பகலும் டயப்பர். மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த முதல் மாதம் எதை எவ்வளவு வாங்குவதென்றே தெரியாமல், தீரத் தீர ஓடினேன்.

மூன்றாவது மாதத்தில் கொஞ்சம் பிடிபட்டது. பகலுக்கு இரண்டு, இரவுக்கு ஒன்று, ஆக ஒரு நாளைக்கு மூன்று டயப்பர். மாதத்துக்கு 90. பத்து பத்தாக ஒன்பது பாக்கெட் வாங்கி அலமாரியில் அடுக்கினேன். ஒரு பெட்டி கையுறை, களிம்பு ஒன்று, ஈரத்துணி நான்கு பாக்கெட். இனி ஒரு மாதம் வெளியே போகாமல் அம்மாவோடு இருக்கலாம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளே அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாடிக் ஆரம்பித்த இரண்டாம் நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்கு மூன்று என்று நினைத்தது எட்டு, ஒன்பது என்று போனது. ஒவ்வொரு முறையும் கையுறை, ஈரத்துணி, களிம்பு. படுக்கைக்கு அடியில் விரிக்கும் ஷீட் வேறு. நான்காம் நாள் துடைக்கும்போது முதுகுத்தண்டு முடியும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும், வெளுக்கவே இல்லை. படுக்கைப்புண்ணின் முதல் படி அதுதான் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, நனைந்த உடனே மாற்றுவது, இதைத் தவிர வேறு வேலையே இல்லை. 11ஆம் நாள் மாலை கடைசிப் பாக்கெட்டில் இரண்டு மிச்சம்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த அதே வாரம் அது. தங்கையை அம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். அலமாரிகள் காலி. மூன்றாவது கடையில் நான்கு பாக்கெட் இருந்தது, நான்கையும் எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டுதான் என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பணம் கட்டும் இடத்தில்தான் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவர், "இப்படி ஆளாளுக்கு அள்ளிக்கிட்டுப் போனா மத்தவங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்றார். சத்தம் போடவில்லை, ரொம்பச் சோர்ந்துபோன குரல். திரும்பிப் பார்த்தேன். அவர் கூடையில் எதுவும் இல்லை. வலது கையில் ஒரு காலி டயப்பர் உறை, அளவு மாறிவிடக் கூடாது என்று எடுத்து வந்திருக்கிறார். அம்மாவுக்கு வாங்கும் அதே அளவு.

எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. போனில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கடைக்காரரிடம் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மூன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான்காவது பாக்கெட் பின்னால் நின்றவருக்குப் போனது. யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கையில் மூன்று, அவர் கையில் ஒன்று என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் செய்த தப்பு குறைவாக வாங்கியது இல்லை. அம்மா நன்றாக இருந்த நாளை வைத்துக் கணக்குப் போட்டதுதான் தப்பு. இப்போது அம்மாவின் மோசமான நாளில் என்ன ஆகும் என்று எண்ணி, அப்படி 14 நாளுக்கு மட்டும் கையிருப்பு வைக்கிறேன். ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் அந்த வாரமே ஒன்று வாங்கிவிடுவேன். அதற்கு மேல் சேர்ப்பதில்லை. ஒருமுறை ஆறு மாதத்துக்குச் சேர்த்தும் பார்த்தேன். அதற்குள் அம்மா இளைத்துவிட்டார், தொடைப் பக்கம் இடைவெளி விட்டு இரவெல்லாம் கசிந்தது. பிரிக்காத பாக்கெட்டுகளை ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் எது முதலில் தீர்ந்தது? எப்படிச் சமாளித்தீர்கள்? எழுதுங்கள். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

ஆக்சிஜன் வீடு:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அப்பாவின் அந்த இரவு ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் அடைத்து மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது, அது மின்சாரம் இருந்தால்தான் ஓடும். மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று 1,500 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நிரப்பி மூலையில் நிறுத்தியிருந்தோம். அப்பாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர். 1,500ஐ 2ஆல் வகுத்தால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கும் என்று தைரியமாக இருந்தேன்.

சளி முற்றி, டாக்டர் சொல்லி 4 லிட்டராகக் கூட்டியிருந்த வாரத்தில் இரவு பத்து மணிக்கு மின்சாரம் போனது. 4 லிட்டர் என்றால் ஆறேகால் மணி நேரம்தான். இந்த வகுத்தலை அந்த இருட்டில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்தான் போட்டுப் பார்த்தேன். அதைவிடக் கொடுமை, வால்வைத் திறக்கும் சாவியைக் காணோம். அலமாரியில் மாஸ்க் 200 இருந்தது, சானிடைசர் ஐந்து லிட்டர் கேன் இருந்தது, சாவி இல்லை. அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வருகிறது. நான் டிராயர் டிராயராகக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்துவிட்டது, நான்கைந்து நிமிடம்தான் இருக்கும். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டேன். இப்போது சாவி சிலிண்டரின் கழுத்திலேயே கயிற்றில் தொங்குகிறது, இன்னொன்று அப்பா தலைமாட்டில். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திறந்து, அளவுமானியைப் பார்த்து, மூடி வைக்கிறேன்.

இன்னொரு விஷயம். அந்த சானிடைசர் கேன் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மாதான் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவதை வேகமாகப் பற்ற வைக்கும். சானிடைசரில் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். மூக்கு வறண்டால் தடவ வாங்கி வைத்திருந்த வாசலினையும் அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டார். எண்ணெய்ப் பசை உள்ள எதுவும் வேண்டாம், தண்ணீர் அடிப்படையிலான ஜெல் வாங்குங்கள் என்றார். நல்லது என்று நினைத்து வாங்கிச் சேர்ப்பதே ஆபத்தாகவும் ஆகலாம். ஆக்சிஜன் உள்ள வீட்டில் எதை எங்கே வைக்கிறோம் என்பதைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

மருமகள்:

எங்கள் வீட்டில் தீர்ந்துபோகவில்லை, கெட்டுப்போனது. மாமாவின் இன்சுலின் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி ஃபிரிட்ஜில் உள்பக்கமாகத் தள்ளி வைத்தேன், குழந்தைகள் கை படக் கூடாது என்று. பின்சுவரை ஒட்டிய இடத்தில் உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலின் உருகினாலும் ஆகாது, தூக்கிப்போட வேண்டியதுதான். திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வைத்தால் நல்லது. பயன்படுத்தத் தொடங்கியது பெரும்பாலான வகைகளில் 28 நாள்தான். சிலவற்றுக்கு நாள் மாறும், அட்டையில் பாருங்கள். திறந்த தேதியை இன்சுலின் ஊசிப் பேனாவின் மேலேயே பிளாஸ்டர் ஒட்டி எழுதிவிடுகிறேன். மாமாவே இப்போது, "தேதி போட்டியாம்மா?" என்று கேட்கிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி. என் கணவருக்கு மறதிநோய், ஏழாவது வருடம். அவரைத் தனியே விட்டுவிட்டு அடிக்கடி கடைக்குப் போக முடியாது. அதனால் ஒரே தடவையில் நிறைய வாங்கி ஹாலில் ஒரு சுவர் ஓரமாக அடுக்கினேன். கண்ணுக்கு எதிரே இருந்தால் எனக்குச் சௌகரியம் என்று நினைத்தேன். அவருக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. "எப்போ கிளம்பணும்?" என்றார். அட்டைப் பெட்டிகளைப் பார்த்து வீடு காலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். நாற்பது வருட வேலையில் எட்டு முறை மாற்றலாகி வீடு மாறியவர். ஒவ்வொரு சாயங்காலமும் சட்டை மாற்றிக்கொண்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக வாசலுக்குத் தூக்கி வருவார். ஒருநாள் படியில் தடுமாறி விழப் பார்த்தார். "நாம் எங்கேயும் போகவில்லை" என்று சொல்லச் சொல்ல அவருக்குக் கலக்கம்தான் கூடியது. எல்லாவற்றையும் பிரித்து, பெட்டிகளை வெளியே போட்டுவிட்டு, சாமான்களைப் பூட்டுகிற அலமாரிக்குள் வைத்த பிறகுதான் அந்தச் சாயங்காலங்கள் அமைதியாயின. இப்போது ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும்தான் வெளியே இருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பிளீச்சிங் திரவத்தைப் பெரிய கேனில் வாங்கினேன், தூக்கி ஊற்றக் கனமாக இருக்கிறது என்று குடிதண்ணீர் பாட்டில் ஒன்றில் கொஞ்சம் ஊற்றிக் குளியலறையில் வைத்தேன். அவர் அந்த மூடியைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் நான் தற்செயலாக உள்ளே போனேன். நெடி அவருக்குத் தெரியவில்லை. இந்த நோயில் முகரும் திறனும் குறைந்துவிடுகிறது. பாட்டிலை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு, அவர் கையைக் கழுவிவிட்டேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "யார் உன்னைத் திட்டினது?" என்றார்.

எந்தச் சுத்தம் செய்யும் திரவத்தையும் அது வந்த பாட்டிலை விட்டு மாற்றாதீர்கள். பிளீச்சோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சேர்த்து ஊற்றவும் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நெஞ்சு பலவீனமானவர் இருக்கும் வீட்டில் அது போதும்.

தங்கைக்குத் துணை:

தங்கைக்குப் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை நடந்த மாதங்கள். மாஸ்க், சோப்பு, கையுறை எதிலும் குறை வைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அவள் உடம்பு சுடுகிறது, தெர்மாமீட்டரில் பேட்டரி இல்லை. கீமோவில் இருப்பவருக்கு 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் விடியும்வரை காத்திருக்காதே, காய்ச்சல் மாத்திரை கொடுத்து மறைக்காதே, உடனே கூப்பிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எத்தனை டிகிரி என்று தெரியாமலே போன் செய்தேன். "சுடுகிறது என்றால் கிளம்பி வாங்க" என்றார்கள். அங்கே 38.6. வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. நேரத்துக்கு வந்தீர்கள் என்றார்கள். பிழைத்தாள். அப்போதிலிருந்து தெர்மாமீட்டர் இரண்டு வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் பேட்டரி தனியாக.

மூத்த மகள்:

எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தேன். தம்பி, அந்தச் சாவி விஷயத்தைத் தங்கையிடமும் சொன்னேன். அவள் மாமியாரும் ஆக்சிஜனில்தான் இருக்கிறார்.

டீச்சரம்மா சொன்னது எங்கள் அம்மாவுக்கும் பொருந்தும். அம்மாவுக்கு நினைவு தெளிவு. அதனாலேயே அந்த அலமாரி அவரை வேறு விதமாக வதைத்தது. நான் பாக்கெட்டுகளை அடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இதெல்லாம் தனக்காக, தன்னால்தான் என்பது அவருக்குத் தெரியும். "வேணாம்" என்பார். அது அவருக்குத் திரும்பி வந்த சொற்களில் ஒன்று. நான் ரொம்ப நாள் அதை டயப்பர் வேண்டாம் என்று சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் கணக்கை அவரிடமே கொடுத்தேன். கட்டிலுக்கு இடது பக்கச் சுவரில் காலண்டர், நூலில் கட்டிய பென்சில். ஒவ்வொரு முறை மாற்றி முடித்ததும் இடது கையால் அன்றைய தேதியில் ஒரு கோடு போடுவார். முதலில் கோடு கோணல்மாணலாகப் பக்கத்துத் தேதிக்கெல்லாம் போகும். இப்போது கட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. நான் மறந்தால் பென்சிலைத் தட்டுவார். கடைக்குக் கிளம்பும்போது எத்தனை பாக்கெட் என்று அவரிடம்தான் கேட்கிறேன், விரலால் காட்டுவார்.

நேற்று மூன்று கோடு. இன்று மத்தியானத்துக்குள்ளேயே நான்கு ஆகிவிட்டது. நான்காவதைப் போட்டுவிட்டு அம்மா என்னைப் பார்த்தார். டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன், சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். கிளம்புகிறேன்.