மறு: 'டேர்ன் டைம் லிமிட்'டுக்குத் தமிழ் – 'முறைக்கெடு' வேணாம்

எல்லாருக்கும் வணக்கம்.

ஆட்டத்துல ஒருத்தர் தன் முறைக்கு நகர்த்த வைக்கிற நேர அளவை இங்கிலீசுல 'டேர்ன் டைம் லிமிட்'டும்பாங்க, நம்ம பிள்ளைக செஸ் போட்டி விதித்தாளுக்கு அதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு மூணு நாளா இந்த இழையில வந்த எல்லாத்தையும் வாசிச்சிட்டேன். ராத்திரி வகுப்பு முடிஞ்சு வந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா அங்க இங்க தாவித்தான் இருக்கும், பொறுத்துக்கங்க.

> முறை + கெடு = முறைக்கெடு. சின்னதா இருக்கு, புணர்ச்சியும் சரி. இதையே வச்சிரலாம்.

கொழும்பு அண்ணே, இலக்கணத்துல ஒரு பிழையும் இல்லண்ணே. ஆனா இந்தச் சொல்லை நாங்க ஏற்கனவே பாவிச்சுப் பாத்துட்டோம். போன வருஷம் ஜூன்ல நம்ம பிள்ளைகளுக்கு போன்லயே ஒரு செஸ் போட்டி வச்சோம், ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, அப்புத்தளைன்னு இலங்கை மலையகத்துல எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் சேந்தாங்க, ஒரு நகர்வுக்கு ஒரு நாள்னு விதி. மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒண்ணு, ஏ.எல். படிக்குது, எதிராளியை விட ஒரு குதிரை கூடுதலா வச்சிக்கிட்டு வெல்ற நிலைமையில இருந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து மழை, மரம் விழுந்து கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்துல டவரும் நின்னுருச்சு, மறுநாள் பொழுது சாய சிக்னல் வந்து போனைத் தொறந்து பாத்தா ஆட்டம் தோல்வின்னு முடிஞ்சு கிடக்கு. அதையாவது தாங்கிக்கலாம். முடிவுப் பட்டியலைத் தமிழ்ல அடிச்சவங்க 'முறைக்கெடு'ங்கிறதை 'முறைகேடு'ன்னு அடிச்சிட்டாங்க. ஒரு 'க்' விழுந்து போச்சு, ஒத்தைக் கொம்பு ரெட்டைக் கொம்பாச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பட்டியல் வாட்ஸப்ல சுத்தி லயம் (தோட்டத்து ஆளுக இருக்கிற வரிசை வீடுக) முழுக்கப் பாத்து, அந்தப் பிள்ளையோட அம்மா மலையில இருந்து இறங்கி நேரா என்கிட்ட வந்து "சேர், எம்புள்ள என்னா களவு செஞ்சிச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல. எழுத்துப்பிழைன்னு அவங்களுக்குச் சொல்லிட்டேன், லயத்துல எல்லாருக்கும் போயி யாரு சொல்றது?

ஒரு விரல் தவறுனா குத்தச்சாட்டா மாறிப்போற சொல்லைப் பிள்ளைக விதியில வைக்கவே கூடாது. இதுல நான் இறங்கி வர மாட்டேன் அண்ணே, கோவிச்சிக்காதீங்க.

பதுளைத் தம்பி சொன்ன 'முறை தவறல்'லயும் இதே சிக்கல்தான். நேரத்துக்கு நகர்த்தாம விட்டதுக்குப் பொருந்துற மாதிரித் தெரியும், ஆனா 'முறை தவறி நடந்தான்'னா ஊர்ல அதுக்கு வேற அர்த்தம், வீட்டுல சத்தமாச் சொல்ல மாட்டோம். லயத்துல வளந்தவங்களுக்கு இதுக்கு ஏற்கனவே ஒரு பேச்சு இருக்கு தம்பி. பீலியில, அதான் மலைத்தண்ணி விழுற குழாயடியில, தண்ணிக்கு வரிசையா வாளி வச்சிட்டு நிப்போம், நம்ம வாளி வர்ற நேரம் நாம அங்க இல்லைன்னா அடுத்த ஆளு பிடிச்சிக்கிருவாங்க, ஓடி வந்து கேட்டா 'ஒன் முறை போச்சு'ம்பாங்க. கோவமும் இல்ல, பழியும் இல்ல, திரும்ப வாளியைக் கடைசியில வையின்னு அர்த்தம். எனக்கு இந்த 'முறை போனது'தான் வேணும். பட்டியல்ல 'முறை போனது: 1'ன்னு இருந்திருந்தா அந்த அம்மா என்னைத் தேடி வந்திருக்க மாட்டாங்க.

இனி எனக்கு உண்மையிலேயே முக்கியமான விசயம். 'டேர்ன் டைம் லிமிட்'டுன்னு இங்கிலீசுல ஒரே பேரா இருக்கிறதால நாமளும் ஒரே சொல்லைத் தேடிக்கிட்டு இருக்கோம், ஆனா அந்தப் பேருக்குள்ள ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத சாமானுக இருக்கு, அதையெல்லாம் ஒரே பேரால கூப்பிடுறதாலதான் விதி எழுதுறவங்களுக்கே எது நியாயம்னு பிடிபடாமப் போகுது.

செஸ்ஸையே எடுத்துக்கங்க. 1861-ல ஆண்டர்சன், கோலிஷ்னு ரெண்டு பெரிய ஆட்டக்காரங்க லண்டன்ல ஆடுனப்ப மணல் கண்ணாடி வச்சாங்க, ஆளுக்கு 24 நகர்வுக்கு 2 மணிநேரம். ரெட்டை மணிக்கூடு 1883 லண்டன் போட்டியிலதான் வந்துச்சு. ரெண்டுலயும் ஒரு நகர்வுக்கு இவ்வளவுன்னு அளந்து ஊத்துற பேச்சே இல்ல, மொத்தமாக் கையில குடுத்துட்டாங்க, நீங்க பத்து நகர்வை மளமளன்னு ஆடிட்டு பதினோராவதுக்கு அரை மணிநேரம் யோசிச்சாலும் உங்க பாடு. இதை எப்படி 'வரம்பு'ன்னு சொல்றது? கடையில சொல்றோமே, கையிருப்பு, அதுதான் இது. அப்புறம் 1988-ல முன்னாள் உலகச் சாம்பியன் பொபி பிஷர் புது மாதிரி மணிக்கூட்டுக்குக் காப்புரிமை கேட்டாரு, 1989-ல கெடச்சுச்சு, 1992-ல தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோட திரும்ப ஆடுனப்ப அதை வச்சே ஆடுனாங்க. அதுல ஒவ்வொரு நகர்வுக்கும் கொஞ்சம் நொடி கூட வந்து சேரும். கையிருப்புன்னு ஒண்ணு இருந்தா அதுல வந்து சேர்றதுக்குப் பேரு வரவுதானே, நம்ம ஆளுக எல்லாருக்கும் வரவு செலவு தெரியும். வேகமா ஆடுற உலக ரேபிட் செஸ் போட்டியில 15 நிமிசம் கையிருப்பு, நகர்வுக்கு 10 நொடி வரவு. அதைவிட வேகமான பிளிட்ஸ்ல 3 நிமிசம், 2 நொடி. உலகச் செஸ் சம்மேளனம் ஃபிடே எது ரேபிட் எது பிளிட்ஸ்னு பிரிக்கிறப்பவும் 60 நகர்வுக்கு வர்ற வரவையும் கூட்டித்தான் பாக்குது, அப்படின்னா 60 தடவை 10 நொடி 10 நிமிசம், 15-ஓட அது சேந்து 25. இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'கையிருப்பு, வரவு'ன்னு சொல்லிப் பாத்தேன், ஒரே தடவையில பிடிச்சிக்கிச்சு.

> வரவுக்குப் பதிலா 'ஊக்க நேரம்' நல்லா இல்லையா?

இல்லங்க தங்கச்சி. ஊக்கம்னா நல்லா ஆடுனதுக்குக் குடுக்குற பரிசு மாதிரி ஆயிரும். மோசமா நகர்த்துனாலும் அந்த நொடி வரும். 'கூடுதல் நேரம்'னா ஃபுட்போல் ஞாபகம் வந்துரும், அதுவும் வேணாம்.

ஆனா ஒரு நகர்வுக்கு ஒரு நாள், மூணு நாள்னு வைக்கிறது கையிருப்பே இல்ல. நேத்து அஞ்சு நிமிசத்துல நகர்த்துனீங்கன்னு அந்த மிச்சம் நாளைக்கு வராது, நீங்க தூங்குனாலும் காய்ச்சல்ல கிடந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். வட்டிக்குக் குடுத்தவன் வைக்கிறானே, அதுதான் கெடு. 'கெடு'ன்னாலே அபசகுனமா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. இருக்கட்டுமே, விதி கடுமையா இருக்கிறப்ப சொல்லும் கடுமையா இருந்தாத்தான் அதை வைக்கிற நாமளும் யோசிப்போம். அதனால முன்னால எதுவும் ஒட்டாம 'கெடு'ன்னே வைங்க, தேவைன்னா 'நகர்வுக் கெடு'. யாழ்ப்பாணத்து டீச்சர் 'தவணை' சொல்லியிருந்தீங்க, நல்ல சொல்லுதான் டீச்சர், ஆனா நம்ம பிள்ளைகளுக்குத் தவணைன்னா பள்ளிக்கூடத்து முதலாந் தவணை ரெண்டாந் தவணை, பெத்தவங்களுக்கு லோன் தவணை, ரெண்டுக்கும் நடுவுல இது எங்க நிக்கும்? ஏற்கனவே 'ஆக்சிலரேஷன்'ங்கிறதை நாங்க ஆர்முடுகல்னு படிச்சதைத் தமிழ்நாட்டுல முடுக்கம்னு படிக்கிறாங்க, இதுலயாவது ரெண்டு கரைக்கும் தெரிஞ்ச சொல்லா இருக்கட்டும். கெடு ரெண்டு பக்கமும் தெரியும்.

இப்ப வழியில போற நேரம். இதுக்கு இந்த இழையில யாரும் சொல்லு கேக்கல, எனக்கு அதுதான் மனசுல நிக்குது. தபால்ல செஸ் ஆடுன காலத்துல ஒரு நல்ல ஏற்பாடு இருந்துச்சு. பத்து நகர்வுக்கு இத்தனை நாள்னு இருக்கும், முப்பது நாள் வழக்கமான கணக்கு, ஆனா கடிதம் கைக்கு வந்த தேதியில இருந்து பதிலைப் போட்ட தேதி வரைக்கும்தான் எண்ணுவாங்க. கார்டு கப்பல்ல கிடந்த நாள், தபால் பையில கிடந்த நாள் ரெண்டு பேர் கணக்குலயும் ஏறாது. அதோட அருமை தோட்டத்துல இருந்தவங்களுக்குத்தான் விளங்கும். லயத்துக்குன்னு தனி விலாசம் கிடையாது, கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்க இருந்து எப்ப நம்ம கைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது, நேர்முகத் தேர்வு முடிஞ்ச பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த கதை எங்க வீட்டுலயே உண்டு. அந்தத் தாமதத்தை ஆட்டக்காரன் தலையில போடக் கூடாதுன்னு தபால் செஸ்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இணையத்துக்கு வந்த பிறகு அந்த யோசனை எங்க போச்சு? லிசெஸ் மாதிரி இணைய செஸ் தளத்துல சிக்னல் இழுக்குற நேரத்தை ஒரு அளவு வரைக்கும் திருப்பிக் குடுக்குறாங்க, நல்ல விசயம், ஆனா அது நொடிக்கும் கொறஞ்ச கணக்கு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் நிறுத்துனாங்களே, அந்த நேரத்தை எந்தக் கணக்குல போடுறது? இதுக்கு 'வழிநேரம்'னு ஒரு பேர் வைப்போம்ங்கிறேன். பேர் இருந்தாத்தான் விதியில அதுக்கு ஒரு வரி எழுத முடியும்.

எல்லாருக்கும் ஒரே நேரம்னா அது நியாயம்தானேன்னு கொழும்பு அண்ணன் கேட்டிருந்தாரு. அண்ணே, எங்க அம்மா கொழுந்து பறிச்சவங்க. கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். சமமா இருக்கிற மலையில நின்னவங்களுக்கும் சரிவுல வழுக்கி வழுக்கி நின்னவங்களுக்கும் அதே கிலோதான், நல்ல கொழுந்து நாளும் பனி கருக்குன நாளும் ஒண்ணுதான். ஒரே அளவுகோல்தான், இல்லைங்கல, ஆனா சாயந்தரம் நிறுவையில வந்து நிக்கிறப்ப யாரு மொகத்துல சிரிப்பு இருந்துச்சு யாரு மொகத்துல இல்லைன்னு நான் சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன். பைபர் லைன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கும், சிக்னலுக்காக மேட்டுல கோயிலடி வரைக்கும் ஏறிப் போற பிள்ளைக்கும் ஒரே நாள் கெடு வைக்கிறதும் எனக்கு அப்படித்தான் தெரியுது.

அதுக்காக எதிர்ல காத்துக்கிட்டு இருக்கிற ஆளுக்கு நியாயம் வேணாம்னு சொல்லல. தோக்குற ஆட்டத்துல வேணும்னே ஒவ்வொரு நகர்வுக்கும் கெடு முடிய அஞ்சு நிமிசம் இருக்கிற வரைக்கும் உக்காந்திருக்கிறவங்க இருக்காங்க, அதுக்கு 'இழுத்தடிப்பு'ன்னு அழகான சொல்லு இருக்கு, புதுசா ஒண்ணும் தேட வேணாம். டிப்ளமசிங்கிற போர்ப் பலகை ஆட்டம் மாதிரி ஆட்டத்துல இது இன்னும் கொடுமை, ஏழு நாடு, ஏழு ஆளு, எல்லாரும் ஒரே நேரத்துல உத்தரவு எழுதணும், ஒருத்தர் எழுதலைன்னா அவர் படை அப்படியே நிக்கும், பக்கத்து நாட்டுக்காரனுக்கு அது அதிர்ஷ்டம், அவரை நம்பிக் கூட்டுச் சேந்தவருக்கு அழிவு. அங்க கையிருப்பும் இல்ல வரவும் இல்ல, எல்லாருக்கும் சேத்து ஒரே கெடு, 'பொதுக்கெடு'ன்னு சொல்லலாம். இணையத்துல எல்லாரும் 'தயார்'னு அமுக்குனா கெடுவுக்கு முன்னாடியே ஆட்டம் நகர்ற ஏற்பாடு இருக்கு, அதனால பொதுக்கெடுவை நீளமா வச்சாலும் பெருசாத் தாமதம் ஆகாது. நம்ம போட்டிக்கும் அப்படி நீளமான கெடுவே வைக்கணும்ங்கிறது என் கருத்து. ஒரு நாள் கெடு வேணவே வேணாம், மூணு நாள் வைங்க, அதோட கரண்ட், டவர் போனதுக்கு வழிநேரம்னு ஆளுக்கு அஞ்சு நாள் தனியா, கேட்டா குடுக்குறது, அத்தாட்சி கேக்காம. அத்தாட்சிக்கு மரம் விழுந்த போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு பிள்ளைகளை மழையில அனுப்ப முடியாது.

ஒண்ணு மட்டும் எனக்கே இன்னும் சரியா வரல. நகர்வு தொடங்கி முதல் அஞ்சு நொடி மணிக்கூடு ஓடாம நிக்கிற மாதிரி அமெரிக்காப் போட்டிகள்ல வைக்கிறாங்க. வரவு மாதிரி இது சேராது, பாவிக்கலைன்னா போயிரும். நம்ம நாட்டுல தள்ளுபடியை விலைக்கழிவுன்னு சொல்றோமேன்னு 'கழிவு நொடி' போட்டுப் பாத்தேன், ஆனா பிள்ளைகளுக்குக் கழிவுன்னா குப்பைதான். 'தள்ளுபடி நொடி'ன்னு எழுதி வச்சிருக்கேன், வாயில நீளமா நிக்குது. டீச்சர், உங்ககிட்ட நல்லதா ஒண்ணு இருக்கும்னு நினைக்கிறேன்.

விதித்தாள் வர்ற சனிக்கிழமை பிரிண்டுக்குக் குடுக்கணும். கையிருப்பு, வரவு, கெடு, பொதுக்கெடு, வழிநேரம், முறை போனது, இவ்வளவையும் அப்படியே போடப் போறேன், யாருக்காவது மறுப்பு இருந்தா வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள எழுதுங்க. வெள்ளிக்கிழமை இங்க கரண்ட் இல்லைன்னா சனிக்கிழமை காலையில பாத்துட்டுத்தான் குடுப்பேன்.