கறுத்த ஆயிலும் கைமீட்டரும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கெடிலக்கரை, கடலூர்:

என்னிடம் இரண்டு குட்டியானை, அதாவது சின்ன லோடு வண்டி, ஓடுகின்றன. விடியற்காலை முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றினால் பண்ருட்டி, விழுப்புரம், சில நாள் புதுச்சேரி. ஆயில் மாற்றும் விஷயத்தில் பத்து வருடமாக மெக்கானிக் அண்ணன் சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்டில் ஒரு இழுப்பு இழுத்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். “பாத்தியா தம்பி, தார் மாதிரி இருக்கு. கொட்டிடு.” கொட்டிவிடுவேன். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதிகூட ஓடியிருக்காது.

டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும் என்பது எனக்கும் தெரியும். கரியை எஞ்சினுக்குள் படியவிடாமல் தன்னோடு சுமந்து திரிவதுதான் அதன் வேலை. தெரிந்தாலும் அந்தக் கறுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு கேட்பதில்லை.

போன வருடம் கையடக்கமான ஆயில் டெஸ்டர் ஒன்று வாங்கினேன். மேலே ஒரு சின்னக் குழி, அதன் அடியில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய உலோகக் கோடுகள். முதலில் புது ஆயில் சில சொட்டு விட்டு பட்டனை அழுத்த வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். துடைத்துவிட்டு, வண்டியில் ஓடிய ஆயிலை விட்டால் எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கும் உண்டு.

முதல் வண்டிக்குப் பச்சை எரிந்தது. மெக்கானிக் அண்ணன் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கொழந்தைக்கு வாங்கினியா?” என்றார். நான் விடவில்லை. மஞ்சள் வரும்வரை ஓட்டினேன், இன்னும் 2,500 கிலோமீட்டர் போனது. ஒரு டப்பா ஆயில் மிச்சம்.

இரண்டாவது வண்டியில்தான் கூத்து. ஆயில் மாற்றி 1,800 கிலோமீட்டர்தான், நேராகச் சிவப்பு. அடிவயிறு கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சேம்பரின் நட்டைக் கழற்றிக் கொட்டினேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. எழுந்துபோய், அதே டப்பாவில் மீதி இருந்த புது ஆயிலைக் குழியில் இரண்டு சொட்டு விட்டேன். அதற்கும் சிவப்பு! அப்போதுதான் உறைத்தது. பூஜ்யம் வைத்தது முதல் வண்டி ஆயிலுக்கு. இரண்டாவதில் ஊற்றியிருந்தது வேறு கம்பெனி. இரண்டிலும் 15டபிள்யூ-40 என்றுதான் எழுதியிருக்கிறது. வடித்ததைத் திரும்ப ஊற்றிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். பழைய பெயிண்ட் டப்பாவில் பிடித்திருந்தேன், அடியில் மணல். மெக்கானிக் அண்ணனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இந்த மாதிரி மீட்டரோ கை வைத்தியமோ வைத்திருப்பவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

தேங்காய்த்திட்டு, புதுச்சேரி:

நம்முடையது விசைப்படகு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு சும்மா நிற்கும், எஞ்சின் வேலையெல்லாம் அப்போதுதான் பார்ப்போம். ஒரு வருடம் எல்லாம் முடித்து எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, மச்சான் வைத்திருந்த மீட்டரில் ஆயிலைப் பார்த்தோம். அது மெதுவாக ஏறவில்லை, ஒரே தாவாகக் கடைசிக்குப் போய் நின்றது. டிப் ஸ்டிக்கில் ஆயில் நன்றாகத்தான் தெரிந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு டப்பா புது ஆயிலை விட்டால் ஒழுங்காகக் காட்டுகிறது.

அப்பாதான் சொன்னார், “அடுப்புல வெச்சுப் பாருங்கடா.” தகர மூடி ஒன்றைக் காயவைத்து ஒரே ஒரு சொட்டு விட்டோம். சடசடவென்று வெடித்தது, அப்பளம் பொரிகிற மாதிரி. தண்ணீர் இல்லாத ஆயில் அப்படிச் சத்தம் போடாது, புகைந்து பரவும். (செய்கிறவர்கள் முகத்தைத் தள்ளி வையுங்கள், தெறிக்கும்.) ஆயிலைக் கடல்தண்ணீரால் ஆறவைக்கும் கூலரில் ஒரு டியூப் அரித்துப்போய் உப்புத்தண்ணீர் உள்ளே வந்திருந்தது. மறுநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் தெளித்த மாதிரி வெள்ளை. அப்படியே கடலுக்குப் போயிருந்தால் பேரிங் காலி. எனக்கு அந்த மீட்டர் மேல் மரியாதை உண்டு.

லாஸ்பேட்டை, பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன்:

இரண்டு கதையும் ஒரே விஷயம்தான். அந்தக் குழியில் இருப்பது ஒரு கெபாசிட்டர். கோடுகளுக்கு நடுவே நிற்கும் ஆயிலின் மின்காப்பு மாறிலியை, அதாவது அந்தக் கெபாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைக்க ஆயில் எவ்வளவு உதவுகிறது என்ற எண்ணை, அது பார்க்கிறது. புது ஆயிலுக்கு அது சுமாராக 2.1 முதல் 2.4. தண்ணீருக்குச் சுமார் 80! அதனால்தான் துளி தண்ணீர் கலந்தாலும் தேங்காய்த்திட்டுத் தம்பி பார்த்த தாவல். சூட்டில் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டாலும், கரி ஏறினாலும் எண் மெதுவாகத்தான் ஏறும். ஆயிலில் கலக்கும் சேர்க்கைப் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதனால் புது ஆயிலின் எண்ணும் வேறு. கடலூர் தம்பி ஏமாந்தது அங்கே. 15டபிள்யூ-40 என்பது பாகுத்தன்மையை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும்தான் சொல்கிறது.

இன்னொன்று, ஆயிலின் சூடு மாறினாலும் எண் மாறும். பூஜ்யம் வைத்த ஆயில் நிழலில் இருந்த டப்பா, சோதிக்கும் ஆயில் பண்ருட்டியிலிருந்து இப்போதுதான் வந்த எஞ்சின் என்றால் ஒப்பிட்டுப் பயனில்லை. வண்டியை ஓட்டி நிறுத்தியதும் மாதிரியை எடுங்கள், அடியில் படிந்தது கலந்திருக்கும். எடுத்ததை ஆறவைத்து அப்புறம் குழியில் விடுங்கள்.

நெல்லிக்குப்பம், கரும்பு டிராக்டர்:

சார் சொன்னது சரி. ஆனால் மீட்டர் என்னைக் கவிழ்த்த கதையைக் கேளுங்கள். கரும்பு வெட்டு நேரம், டிராக்டர் ஆலைக்கும் வயலுக்குமாக நிற்காமல் ஓடியது. மீட்டர் பச்சை. பத்து நாள் கழித்தும் பச்சை, அதுவும் முன்னைவிடக் குறைந்த எண். ஆயில் மட்டமும் இறங்கவே இல்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. எங்கள் பெரியப்பா, “ஆயில் குடிக்காத எஞ்சின்டா இது” என்று தெருவெல்லாம் பெருமை பேசிவிட்டார்.

ஒருநாள் ஆயில் பிரஷர் முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றது. டிப் ஸ்டிக்கைத் தொட்டு விரலில் தேய்த்தால் வழுவழுப்பே இல்லை, தண்ணியாக இருக்கிறது. முகர்ந்தால் டீசல். எஞ்சினுக்கு டீசல் தள்ளும் ஃபீடு பம்பின் சவ்வு (டயாப்ரம்) கிழிந்து டீசல் நேராகச் சேம்பருக்கு இறங்கியிருந்தது. மட்டம் ஏறியதும் அதனால்தான்.

லாஸ்பேட்டை:

டீசலின் மாறிலியும் ஏறக்குறைய 2.1தான், ஆயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் டீசல் கலந்தால் இந்த மீட்டருக்குக் கண் தெரியாது. கரியால் ஏறிய எண்ணைக்கூட இறக்கிக் காட்டிவிடும். பாகுத்தன்மை போனதை அது அளப்பதே இல்லை. இந்த விஷயத்தில் உங்கள் விரலும் மூக்கும்தான் நல்ல மீட்டர்.

முதுநகர், ஜெனரேட்டர் வாடகை:

2011 டிசம்பர் 30-ல் வந்த ‘தானே’ புயலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரில் கம்பம் எல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லாத நாட்களில் என் ஜெனரேட்டர்கள் ராப்பகலாக ஓடின. ஜெனரேட்டருக்கு மணிக்கணக்குதான், நான் 250 மணிக்கு ஒருமுறை மாற்றுகிறவன். கடைகளெல்லாம் மூடியிருந்ததால் ஆயிலை இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டிய நிலை. மீட்டரா? கேள்விப்பட்டதே இல்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் லேபில் வேலை பார்த்த வாடகைக்காரர் ஒருவர் வடிதாள் (ஃபில்டர் பேப்பர்) கொடுத்தார். சூடான ஆயில் ஒரு சொட்டு அதில் விட்டு ராத்திரி முழுக்க வைத்துவிட வேண்டும். கரி நடுவிலிருந்து விளிம்புவரை சாம்பல் நிறத்தில் சீராகப் பரவினால் ஆயில் இன்னும் கரியைத் தாங்குகிறது. நடுவில் கறுப்புப் பொட்டாக இறுகி, வெளியே வெறும் எண்ணெய் வளையம் மட்டும் போனால் கதை முடிந்தது. ஒவ்வொரு தாளிலும் தேதியும் மணியும் எழுதி வரிசையாகக் கொடியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். வீட்டம்மா கேட்டாள், “என்னங்க, வடாம் காயவெச்சிருக்கீங்களா?” இன்றைக்கும் நான் அந்தத் தாள்தான்.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இப்போது இரண்டு வண்டிக்கும் ஒரே கம்பெனி ஆயில்தான். ஒவ்வொரு டப்பா திறக்கும்போதும் பழைய இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் கொஞ்சம் எடுத்துத் தேதி ஒட்டி வைக்கிறேன், பூஜ்யம் அதில்தான். விளக்கு நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணை நோட்டில் எழுதுகிறேன். கையேட்டுக் கணக்கைத் தாண்டி ஓட்டுவதில்லை. அதற்கு முன்னால் எண் திடீரென்று தாவினால் மட்டும் வண்டியை நிறுத்துகிறேன். நெல்லிக்குப்பத்து அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு இப்போதுதான் கீழே போய் டிப் ஸ்டிக்கை முகர்ந்தேன். டீசல் வாசனை இல்லை, மீன் வாசனைதான்.

முதுநகர் அண்ணே, அந்த வடிதாள் நாலு கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிவிட்டு உங்கள் பக்கம் வருகிறேன். மீட்டரையும் எடுத்து வருகிறேன், உங்கள் ஜெனரேட்டர் ஆயிலைப் பார்த்துவிடலாம். அதே டப்பாவின் புது ஆயில் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.