ஆக்டேவியா 1.9 டிடிஐ: இன்டர்கூலர் அடிபட்டுவிட்டது, வீட்டிலேயே கழற்றலாமா?

குமரன், ஈரோடு

வணக்கம். என்னுடையது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா, 1.9 டிடிஐ, 90 குதிரைசக்தி, மேனுவல் கியர். போன வாரம் பெருந்துறை தாண்டி பைபாஸில் வரும்போது, முன்னால் போன லாரியின் ரீட்ரெட் டயர் பட்டை பிய்ந்து வந்து வலது பக்க பம்பருக்குக் கீழே பலமாக அடித்தது. வண்டி நிற்கவில்லை, எந்த லைட்டும் எரியவில்லை. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் இழுவை போய்விட்டது.

இப்போது 2000 ஆர்பிஎம் தாண்டினால் முன்பக்கம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்று கசிகிற சத்தம். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் கரும்புகை. மேம்பாலம் ஏற மூன்றாம் கியர் போட வேண்டியிருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட்டுப் பார்த்தார்கள், 17964 என்ற எரர் கோடு வந்தது. “இன்டர்கூலர் செட்டாக மாற்றணும், வேற வழியில்லை” என்று 22 ஆயிரம் சொன்னார்கள். டர்போ அமுக்கி அனுப்பும் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகும் முன் ஆறவைக்கிற பாகம்தான் இந்த இன்டர்கூலர். வண்டியை மேலே தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனர் கிழிந்திருக்கிறது, இன்டர்கூலரின் கீழ் மூலையில் ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) நசுங்கி, அந்த இடம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எம்-சீல் வைத்தால் நிற்குமா? வெல்டிங் பிடிக்குமா? என்னிடம் ஜாக், ஸ்டாண்ட், சாக்கெட் செட், டார்க்ஸ் செட் எல்லாம் இருக்கின்றன. அதுவரை ஆபீஸுக்கு ஓட்டலாமா?

ரவி, சேலம்

குமரன், எண்ணெய் ஈரத்தைப் பார்த்துவிட்டு ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். இந்த வயது வண்டிகளில் ஹோஸ் மூட்டு எல்லாமே லேசாக எண்ணெய் கசிந்துதான் இருக்கும். அடித்த அடியில் ஹோஸ் கழன்றுகூட இருக்கலாம். முதலில் இன்ஜினை ஐடிலில் விட்டு சோப்பு நுரை தெளித்துப் பாருங்கள்.

பழைய டீசல்காரன், கோவை

ரவி சொன்னதில் பாதி சரி. ஹோஸை முதலில் பார்க்க வேண்டும் என்பது ரொம்பச் சரி. ஆனால் ஐடிலில் டர்போ அழுத்தமே கொடுக்காது, நுரை தெளித்தாலும் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்து ‘கசிவு இல்லை’ என்று நம்பிவிட்டால் அடுத்து தேவையில்லாமல் டர்போவைக் கழற்றுவார்கள். நிறைய நல்ல டர்போக்கள் இப்படித்தான் அநியாயமாகக் கடைக்குப் போகின்றன.

குமரன் தம்பி, 17964 என்றால் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தத்தை டர்போ பக்கத்தால் தர முடியவில்லை என்று அர்த்தம். கரும்புகையும் அதே கதைதான். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார், உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்ற டீசலை அனுமதிக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியே போய்விட்டால், மிச்சக் காற்றுக்கு டீசல் அதிகம். அதுதான் புகையாக வருகிறது. மெதுவாக, காலை அழுத்தாமல், பக்கத்துத் தெருவுக்குப் போய் வரலாம். தினமும் ஆபீஸ் என்றால் வேண்டாம். குறைகிற அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுற்றும், கரி வேறு உள்ளே படியும்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. நானும் இதே வண்டிதான் வைத்திருக்கிறேன். இந்த மாடலில் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் இல்லை, வலது முன் சக்கரத்துக்கு முன்னால் பம்பர் மூலைக்குள் நிற்கிறது. இன்ஜின் நன்றாக ஆறின பிறகு ஆரம்பியுங்கள். சமதளம், ஹேண்ட்பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை, ஜாக்கோடு ஸ்டாண்டும் கட்டாயம். சக்கரத்தைக் கழற்றி, லைனரில் இருக்கும் டி25 ஸ்க்ரூக்களை எடுத்தால் பின்பக்கம் முழுசாகத் தெரியும். கை வைக்க இடம் வேண்டும் என்றால் பம்பரையும் இறக்கிவிடுங்கள். ஃபாக் லேம்ப் இருந்தால் அதன் கனெக்டரை முதலில் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் பிய்ந்துவிடும்.

ஹோஸ் மூட்டில் வளைந்த கம்பி கிளிப் இருந்தால், அதைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி வெளியே இழுத்தால் போதும், ஹோஸ் ஆடி ஆடி வந்துவிடும். உள்ளே ஓ-ரிங் இருக்கும், அதைப் பழையதாகவே மறுபடி போடாதீர்கள். ஹோஸ் வந்த நிமிடமே இரண்டு வாயிலும் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். ஒரு சின்ன நட் உள்ளே விழுந்தால் இன்ஜின் வரை போகும்.

இனி முக்கியமான வேலை. கடையில் எதையும் வாங்குவதற்கு முன் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். பிளம்பிங் கடையில் வாய்க்குப் பொருந்துகிற பிவிசி எண்ட் கேப் இரண்டு, பஞ்சர் கடையில் டியூப்லெஸ் வால்வு ஒன்று. ஒரு கேப்பில் துளை போட்டு வால்வை ஏற்றுங்கள். இரண்டு கேப்பையும் ஹோஸ் துண்டு வைத்து கிளிப்பால் இறுக்கி, இன்டர்கூலரைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் முக்கி, பம்பால் மெதுவாக 15 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். முகத்தைக் கேப்புக்கு நேராக வைக்க வேண்டாம், பிடுங்கிக்கொண்டு வந்தால் பல் போகும். குமிழி எங்கே வருகிறது என்பதுதான் தீர்ப்பு. ஃபின் நசுங்கியிருப்பது மட்டும்தான் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம், மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு மாட்டலாம். அலுமினியக் குழாயில் குமிழி வந்தால் ரிப்பேருக்கு வாய்ப்பு இருக்கிறது. முனைகளில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் என்றாலோ, டேங்கும் அலுமினியமும் சேர்கிற மடிப்பில் குமிழி என்றாலோ மாற்றத்தான் வேண்டும்.

எம்-சீல் வேண்டவே வேண்டாம். டர்போவிலிருந்து வரும் காற்று நல்ல இழுப்பில் 100 டிகிரியைத் தாண்டும். எண்ணெய் ஊறிய உலோகத்தில், அந்தச் சூட்டில், அந்த நடுக்கத்தில் அது பிடித்து நிற்காது.

ஆர்கான் செல்வம், கணபதி

வெல்டிங் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். இருபது வருடமாக அலுமினியம்தான் என் தொழில்.

இன்டர்கூலர் வந்தால் நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். எண்ணெய் வாடை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், கழுவிக்கொண்டு வாருங்கள் என்று. எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆர்க் பட்டதும் உலோகம் பொங்கிக் கறுத்துவிடும். மேலே பளபளவென்று தையல் போட்டதுபோல் தெரியும், உள்ளே ஊசித் துளையாக இருக்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிகிற ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் அந்தப் படலத்தை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால், அலுமினியத்துக்கு மட்டும் என்று தனியாக வைத்திருக்கிற பிரஷால், தேய்த்து எடுத்துவிட்டு ஏசி கரன்டில்தான் பிடிக்க வேண்டும். உருக்கி நிரப்ப 4043 ரக ராடு போதும்.

ஒரு எச்சரிக்கை. சில பிரேக் கிளீனர் ஸ்ப்ரேக்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதால் துடைத்துவிட்டு ஆர்க் வைத்தால் பாஸ்ஜீன் என்கிற விஷவாயு வரும், நுரையீரலைக் கெடுத்துவிடும். அசிட்டோன் மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவர வேண்டும்.

பிளாஸ்டிக் டேங்குக்கு ஒட்டினாற்போல் ஓட்டை இருந்தால் நான் எடுப்பதில்லை. அந்தச் சூட்டில் டேங்கும் உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டும் போய்விடும். குழாயின் நடுப்பகுதி என்றால் முயற்சி செய்யலாம். அந்தத் தகடு ரொம்ப மெல்லியது, கை ஒரு நொடி அதிகம் நின்றால் ஓட்டை பெரிதாகும். எந்த வெல்டரும் உத்தரவாதம் தர முடியாத வேலை இது.

குமரன், ஈரோடு

அண்ணா இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டேன். தொட்டியில் முக்கினேன். நசுங்கிய மூலையில் ஒரு குழாயிலிருந்து பெரிய குமிழிகள், அதை நான் எதிர்பார்த்தேன். ஆனால் கீழ் டேங்கின் மடிப்பிலும் வரிசையாகப் பொடிக் குமிழிகள் வருகின்றன. கவிழ்த்தால் அரை டம்ளர் கறுப்பு எண்ணெய் கொட்டியது.

சென்னையில் இருக்கும் மச்சான் புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் இதே மாடலுக்குப் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். வெளியே அடி இல்லை, விலையும் குறைவு. வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தால் எண்ணெயில் மினுமினுவென்று ஏதோ இருக்கிறதாம். கழுவிப் போட்டுக்கொள்ளலாமா?

பழைய டீசல்காரன், கோவை

வேண்டாம் தம்பி, விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த மினுமினுப்பு உலோகத் தூள். டர்போ உடைந்த வண்டியிலிருந்து எடுத்தது. குழாய்களுக்குள் இருக்கிற ஃபின்களில் அது சிக்கிக்கொண்டு எத்தனை முறை கழுவினாலும் மிச்சம் இருக்கும். பிறகு ஒருநாள் முழு இழுப்பில் கழன்று நேராகச் சிலிண்டருக்குப் போகும். கையில் தேய்த்தால் வெறும் கறுப்பு எண்ணெய் மட்டும் வருகிற பார்ட் கிடைத்தால் வாங்கலாம், தொட்டி சோதனை செய்துவிட்டு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 4, முதல் தலைமுறை ஆடி ஏ3 எல்லாம் உங்கள் ஆக்டேவியாவோடு ஒரே பிளாட்ஃபார்ம், அதாவது அடிப்படைக் கட்டமைப்பு ஒன்றுதான். அதனால் வண்டிப் பெயரைச் சொல்லித் தேடாமல், உங்கள் பழைய டேங்கில் பொறித்திருக்கும் பார்ட் நம்பரை வைத்துத் தேடுங்கள். புது ஆஃப்டர்மார்க்கெட் பார்ட் கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

பழையது வாங்கினால் கழுவுவதில் அவசரம் கூடாது. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி, இரண்டு பக்கமும் அடைத்து, குலுக்கிக் கொட்டுங்கள். கறுப்பு வராத வரை திரும்பத் திரும்ப. அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் வாய் கீழே பார்க்கும்படி வெயிலில் முழு நாள். உள்ளே எண்ணெயோ மண்ணெண்ணெயோ தேங்கியிருந்து இன்ஜின் அதை உறிஞ்சினால், டீசல் இன்ஜினுக்கு அதுவே எரிபொருள். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அப்படி நடந்தால் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு, கிளட்ச்சை விடுங்கள். மேனுவல் வண்டியை அப்படி அணைத்துவிடலாம். ஹோஸ்களின் உள்பக்கத்தையும் துடைக்க மறக்காதீர்கள்.

அரை டம்ளர் எண்ணெய் இந்த வயதுக்குப் பயப்பட வேண்டிய அளவு இல்லை. பெரும்பாலும் கிராங்க்கேஸ் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாக வருவது. டர்போ ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், பிளேடு சுவரில் உரசாமல் இருந்தால் சரி.

மாட்டியதும் எரர் கோடை அழித்துவிட்டு, விசிடிஎஸ் கேபிள் (லேப்டாப் வழியாக வண்டி கம்ப்யூட்டரைப் படிப்பது) வைத்திருக்கிற யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள். காலியான ரோட்டில் மூன்றாம் கியர், 1500-லிருந்து 3000 வரை முழு ஆக்சிலரேட்டர். அதில் குரூப் 011 என்ற பக்கத்தில் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பக்கம் பக்கமாக வரும். இரண்டும் ஒட்டியே ஏறினால் வேலை முடிந்தது. கிடைத்தது பின்தங்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பதிவை (லாக்) இங்கே போடுங்கள், அடுத்து டர்போவைக் கட்டுப்படுத்தும் வாக்குவம் ஹோஸ்களைப் பார்ப்போம்.

குமரன், ஈரோடு

சரி அண்ணா, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டேங்கில் இருக்கிற பார்ட் நம்பரை வைத்துப் புதிதாக ஆர்டர் போட்டிருக்கிறேன், ஓ-ரிங்கோடு சேர்த்து. வந்ததும் மாட்டுவதற்கு முன் அதையும் ஒருமுறை தொட்டியில் முக்கிப் பார்த்துவிடுகிறேன். 011 லாக் அடுத்த வாரம்.