பழைய டயர் சேகரிப்பு: முதல் பணத்தை எதில் போடுவது?

கேள்வி:
வணக்கம். பழைய டயர்களைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சிறுதொழில் தொடங்க எண்ணம். சின்ன லாரி ஒன்று, சுற்றுச்சுவருடன் காலி இடம், கூட வேலைக்கு இரண்டு பேர் உண்டு. இருக்கும் பணத்தில் டயரைத் துண்டு துண்டாக்கும் ஷ்ரெட்டர் மெஷின் வாங்கிவிடலாமா? டயரில் எதை யார் வாங்குவார்கள்?

பதில் 1:
ஷ்ரெட்டர் பக்கமே இப்போது போகாதீர்கள். முதலில் வாங்குகிறவரைப் பிடியுங்கள். தேய்ந்த டயருக்குப் புது மேல்ரப்பர் போடும் ரீட்ரேடிங் பட்டறைக்கு நல்ல கேசிங், அதாவது கெடாத டயர் உடல் வேண்டும். ரப்பர் தூள் ஆலைக்குக் கம்பி எடுத்த துண்டு வேண்டும். சிமென்ட் சூளை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், கம்பி இருந்தாலும் பரவாயில்லை. யார் எந்த அளவில் கேட்கிறார்கள் என்று தெரியாமல் வெட்டிக் குவித்தால் அது அப்படியே கிடக்கும்.

ஆரம்பத்தில் காசு தரம் பிரிப்பதில்தான். கேசிங், கம்பி ரேடியல் (உள்ளே எஃகுக் கம்பி அடுக்கு உள்ளது), நைலான் (உள்ளே நைலான் நூல் அடுக்கு உள்ளது), ட்யூப் என்று இறக்கும்போதே தனித்தனியாகப் போடுங்கள். கேசிங் பார்க்கும்போது வெளியே மட்டும் பார்த்தால் போதாது. பீடு என்கிற, ரிம்மில் உட்காரும் தடித்த விளிம்பை விரித்துப் பிடித்து உள்ளே டார்ச் அடியுங்கள். உள்சுவரில் வட்டமாகச் சுருக்கம் ஓடியிருந்தாலோ, கையால் தடவினால் கறுப்புத் தூள் ஒட்டினாலோ, காற்று இறங்கிய நிலையில் ஓடிய டயர் அது. ட்ரெட் (ரோட்டில் படும் மேல்ரப்பர்) எவ்வளவு இருந்தாலும் ரீட்ரேடுக்கு ஆகாது. நல்லதைக் கொக்கி போட்டு இழுக்கவும் கூடாது, பீடு கிழிந்தால் கழிவு விலைதான்.

ட்யூப் பெரும்பாலும் பியூட்டைல் என்ற வேறு வகை ரப்பர். மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தும்போது டயர் ரப்பரோடு சேர்ந்து சரியாக வேகாது, கலந்துவிட்டால் இரண்டுக்கும் மதிப்புப் போய்விடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அடுத்த பிரச்சினை வண்டி வாடகை. கார் டயர் 8 முதல் 10 கிலோ, லாரி டயர் 50 முதல் 60 கிலோ இருக்கும். ஆனால் முழு டயராக ஏற்றினால் பாரம் ஏறுவதற்குள் இடம் தீர்ந்துவிடும், காற்றுக்குத்தான் டீசல் போடுகிறீர்கள். அதனால் முதல் மெஷின் சைடுவால் கட்டர். இரண்டு பக்கத்தையும் அறுத்து அடுக்கினால் அதே வண்டியில் பல மடங்கு எடை போகும்.

லாரி டயர் நிறைய வந்தால் டீபீடர் (பீடுக்குள் இருக்கும் கம்பியைக் கொக்கி போட்டு உருவும் மெஷின்) வாங்குங்கள். அறுப்பதற்கு முன்பே பீடு கம்பியை உருவிவிட வேண்டும். அந்தத் தடித்த கம்பியோடு ஆலையின் ஷ்ரெட்டரில் போனால் பிளேடு முனை உடையும். டயருக்குள் இருக்கும் மண்ணும் கல்லும் பிளேடை மழுக்கும், தட்டி உதறிவிட்டு அனுப்புங்கள். கம்பி அறுந்தால் சாட்டைபோல் வீசும். டீபீடர் கொக்கி இழுக்கும் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பதில் 3:
இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கூரை இல்லாத இடத்தில் டயர் அடுக்கவே வேண்டாம், குறைந்தது இறுக்கமான தார்ப்பாயாவது வேண்டும். டயருக்குள் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் டயரின் உள்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரியும்.

தீ இன்னும் பெரிய கவலை. டயர் எளிதில் பற்றாது, பற்றினால் அணைப்பது மிகவும் கடினம். எரியும்போது எண்ணெய் வழியும், தண்ணீர் அடித்தால் அது வடிகால் வரை ஓடும். சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்து, நடுவில் தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்துக்கு வழி விடுங்கள். மூடி அணைக்க மண் தயாராக இருக்கட்டும். கம்பியோடு வெட்டிய துண்டுகளை உயரமாகக் குவித்து நனைய விட்டால் உள்ளுக்குள் தானாகவே சூடேறும். 3 மீட்டருக்கு மேல் போகவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பைராலிசிஸ் உலை போட்டால் எண்ணெய் எடுக்கலாம் என்கிறார்களே?

பதில் 1:
இப்போதைக்கு வேண்டாம். காற்றில்லாமல் 400 முதல் 500 டிகிரியில் சூடாக்கினால் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெய், மூன்றில் ஒரு பங்கு கரி, மீதி கம்பியும் வாயுவும். எண்ணெயில் கந்தகம் உண்டு, கரியில் சாம்பல் அதிகம், இரண்டையும் சுத்தம் செய்யாமல் நல்ல விலைக்குத் தள்ள முடியாது. உலை ஆறுவதற்குள் மூடியைத் திறந்தால் காற்று புகுந்து தீப்பிடிக்கும், ஆள் போகும் ஆபத்து அது. அனுமதி, புகை வடிகட்டும் அமைப்பு, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் இல்லாமல் சின்ன முதலீட்டில் இறங்கும் வேலை இல்லை. அந்தப் பணத்தில் கூரை போடுங்கள், கட்டர் வாங்குங்கள்.